வீட்டு ஸ்கேனர் வானொலிக்கு ஏற்ற ஏரியல் எது?

(அங்கத்தினர் கல்விப் பாடம்)



ஐப்பசி மாதத்தில் ஒரு கைத்தறி நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். பொதுநல நிதியிலிருந்து, “வாசகசாலை ஸ்கேனர் வானொலிக்கு ஏரியல் வாங்கிய வகையில்” என்று ஒரு செலவு எழுதப்பட்டிருந்தது. தீர்மானம் முறையாக இருந்தது, ரசீது இருந்தது, கையொப்பங்களும் சரியாக இருந்தன. கணக்கைப் பொறுத்தமட்டில் குறை கூற ஒன்றுமில்லை. ஆனால் வாசகசாலைத் திண்ணையில் அமர்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், “இன்ஸ்பெக்டர் ஐயா, கணக்குச் சரியாக இருக்கலாம். முன்பு வெறுங்குச்சியில் கேட்ட சேதிகூட இப்போது கேட்கவில்லையே, அதை எந்தப் பேரேட்டில் எழுதுவது?” என்று கேட்டார்.

அவர் கேள்வி என்னை நாணச் செய்தது. அதற்குக் காரணம் உண்டு. முந்தைய வருகையின்போது, “விலையைப் பாராது உயர்ந்ததாக வாங்குங்கள்” என்று ஆலோசனை கூறியவன் நானே. உயர்ந்த விலையுடையது உயர்ந்த பொருள் என்று எண்ணிவிட்டேன். அவ்வூரில் காலை 5 மணிக்குச் சமுதாய வானொலி மழைச் செய்தி சொல்லும். அதைக் கேட்ட பிறகே பாவடியில் பாவு நீட்டுவது வழக்கம். கஞ்சியிட்டு நீட்டிய பாவின்மேல் மழை விழுந்தால் கஞ்சி கரையும், இழை ஒட்டும், ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு தெருவிலேயே கெடும். புதிய ஏரியல் வந்த பின்பு இரு குடும்பங்களுக்கு அவ்வாறே நேர்ந்திருந்தது.

அன்று முதல் இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன். அமெச்சூர் வானொலி உரிமம் பெற்ற நண்பர் ஒருவர் உதவினார். கற்றதை முறைப்படுத்தி இங்கே தருகிறேன். இதே பொருளுக்குப் பணம் செலவிட எண்ணும் சங்கமோ, தம் வீட்டில் இத்தகைய பெட்டி வைத்திருக்கும் அங்கத்தினரோ, நான் செய்த பிழையைச் செய்யாதிருப்பாராக.

ஸ்கேனர் என்பது யாது?

சாதாரண வானொலிப் பெட்டியில் நாமே குமிழைத் திருப்பி நிலையத்தைத் தேடுகிறோம். ஸ்கேனர் அவ்வேலையைத் தானே செய்கிறது. நாம் குறித்துவைத்த அலைவரிசைகளை ஒவ்வொன்றாக விரைந்து தொட்டுச் சென்று, பேச்சு எழும் இடத்தில் நிற்கும். பேச்சு முடிந்ததும் மீண்டும் தேடப் புறப்படும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள எப்.எம். ஒலிபரப்பு, 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அமெச்சூர் அன்பர்களின் உரையாடல் முதலியவை இத்தகைய பெட்டிகளின் எல்லைக்குள் அடங்கும்.

நெசவாளருக்கும் உழவருக்கும் இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. தென்னந்தோப்புகள் வீழ்ந்தன, மின்கம்பங்கள் முறிந்தன, கைபேசித் தொடர்பு பல இடங்களில் அற்றுப்போயிற்று. அத்தகைய நாட்களில் மின்கலத்தால் இயங்கும் வானொலியே செய்திக்கு வழி. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமான் தீவுகளைத் தாக்கியபோது, அமெச்சூர் ஒலிபரப்புக்காகப் போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் என்னும் அம்மையார், தம் வானொலியைக் கொண்டு தீவுகளின் நிலைமையைத் தாய்நிலத்துக்கு அறிவித்ததை நாடறியும். கேட்பதற்கு நல்ல காது வேண்டும். வானொலியின் காது ஏரியலே. பெட்டி எவ்வளவு உயர்ந்ததாயினும், ஏரியல் பிடித்துத் தராத ஒலியை அது தானாக உண்டாக்க இயலாது.

முதல் விதி: உயரம்

பெட்டியுடன் வரும் குட்டையான குச்சி ஏரியல் கையில் எடுத்துச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. வீட்டுக்குள் அதை வைத்தால் சுவர், இரும்புக் கதவு, தகரக் கூரை ஆகியவை அலையைத் தடுக்கின்றன. வீட்டிலுள்ள மின்கருவிகளின் இரைச்சலோ தடையின்றி அதனுள் புகுகிறது. ஆதலால் வீட்டின்மேல் நிலையாக நிறுத்தும் ஏரியல் தேவைப்படுகிறது.

நாம் கூறும் இந்த அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமி உருண்டையாதலால் ஓரளவு தூரத்துக்கு அப்பால் அலை தலைக்குமேல் போய்விடும். அந்த எல்லையை எளிய கணக்கால் அறியலாம். ஏரியலின் உயரத்தை மீட்டரில் குறித்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். அனுப்பும் நிலையத்துக்கும் ஏற்கும் வீட்டுக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டவேண்டும்.

எடுத்துக்காட்டாக, சமுதாய வானொலியின் ஏரியல் 30 மீட்டர் உயரத்தில் உள்ளது என்க. அதன் எல்லை ஏறத்தாழ 22.6 கிலோமீட்டர். நம் ஏரியல் 1 மீட்டர் உயரத்தில் மேசைமேல் இருந்தால் 4.1 கிலோமீட்டர் சேரும். 9 மீட்டரில் இருந்தால் 12.4 கிலோமீட்டர் சேரும். முன்னது 27, பின்னது 35. இது தடையற்ற வெளிக்கு உரிய கணக்கு. நிலையத்தின் ஆற்றல் சிறிதாயினும், இடையே தோப்பும் வீடுகளும் இருப்பினும் இத்தூரம் மிகவும் குறையும். நம் நாட்டுச் சமுதாய வானொலிகளின் கதிர்வீச்சு ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்குள் அடங்குவது. அவை 10 அல்லது 15 கிலோமீட்டருக்குள் நன்றாகக் கேட்பதே இயல்பு. அதற்கு அப்பாலுள்ள ஊரார்க்குத்தான் உயரம் பெருந்துணை செய்கிறது.

உயரத்தின் பெருமைக்கு மற்றொரு சான்று தருகிறேன். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விண்வெளி வீரர்கள் சிற்சில வேளைகளில் பள்ளி மாணவர்களுடன் 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசுவதுண்டு. அரை மீட்டர் கம்பியால் செய்த ஏரியல் கொண்டு அப்பேச்சைக் கேட்கலாம். அறுபது கிலோமீட்டரில் உள்ள நிலையம் கேட்காத வீட்டில் நானூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் குரல் கேட்பது எவ்வாறு? இடையே மரமும் மேடும் இல்லாமையே காரணம். ஆகவே, கையில் உள்ள பணத்தில் முதற்பங்கு உயரத்துக்கே செலவாகவேண்டும்.

இரண்டாம் விதி: அளவு

ஏரியல் கம்பியின் நீளம் அலையின் நீளத்துக்கு இசைந்திருக்க வேண்டும். 300 ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது 3 மீட்டர். பொதுவாக நாம் பயன்படுத்துவது கால் அலைநீளக் கம்பி. கம்பியில் அலை சற்றே மெதுவாகச் செல்வதால், நடைமுறையில் 71.25 ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்து வரும் நீளமே சரியானது.

90.4 மெகாஹெர்ட்ஸுக்கு 79 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 71 சென்டிமீட்டர். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர். ஓரிரு சென்டிமீட்டர் வேறுபட்டால் கேட்பதற்குத் தீங்கில்லை. ஆனால் ஒரு முழம் வேறுபட்டால் தீங்குண்டு. “எல்லா அலைக்கும் ஏற்றது” என்று விற்கப்படும் குட்டைக் கம்பிகளை ஐயத்துடனே நோக்குக.

எவ்வகை ஏரியல்?

சந்தையில் காணும் வகைகள் பலவாயினும் அடிப்படை வகைகள் நான்கே.

முதலாவது, இருகை ஏரியல். இதனை டைபோல் என்பர். சம நீளமுள்ள இரு கம்பிகளை எதிரெதிராக நீட்டி, நடுவில் கேபிளின் உட்கம்பியை ஒன்றோடும் வெளிவலையை மற்றொன்றோடும் இணைப்பதே இது. செலவு மிகக் குறைவு. செங்குத்தாக நிறுத்தினால் எல்லாத் திசையிலிருந்தும் ஏற்கும். அவ்வாறு நிறுத்தும்போது கேபிளை நடுவிலிருந்து கிடைமட்டமாகவே, ஒரு கையின் நீளமாவது விலக்கிக் கொண்டுசென்று, பின்னரே கீழே இறக்கவேண்டும்.

இரண்டாவது, தரைக்கம்பி ஏரியல். கிரௌண்ட் பிளேன் என்பது இதுவே. நடுவில் செங்குத்தாக ஒரு கால் அலைக்கம்பி; அதன் அடியில் நான்கு திசையிலும் சாய்ந்து இறங்கும் நான்கு கம்பிகள். கேபிள் நேராகக் கீழே இறங்குவதால் கழியின் உச்சியில் பொருத்த வசதியானது. வீட்டு ஸ்கேனருக்கு இதனையே பலரும் முதலாவதாகக் கொள்வர். நானும் அதையே பரிந்துரைக்கிறேன்.

மூன்றாவது, டிஸ்கோன். மேலே வட்டத் தட்டு, கீழே கூம்பு என்னும் வடிவுடையது. தட்டும் கூம்பும் கம்பிகளாலேயே அமைவதுண்டு. 1940களில் அமெரிக்காவில் ஆர்மிக் காண்டோயன் என்பார் இதை வகுத்தார். மிகப் பரந்த அலைவரிசைகளை ஒரே ஏரியல் ஏற்பது இதன் சிறப்பு. பல பட்டைகளையும் கேட்க விரும்புவோர் இதை நாடுவதில் தவறில்லை. ஆயினும் எந்த ஓர் அலையிலும் இது இருகை ஏரியலைவிட மிகுதியாகப் பிடிப்பதில்லை. அத்துடன், வேண்டாத வலிய அலைகளையும் வேண்டியவற்றோடு சேர்த்தே பெட்டிக்கு அனுப்பும்.

நான்காவது, யாகி. 1926 இல் ஜப்பானில் தோஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடா, யாகி என்னும் இருவர் வெளியிட்டது. பழைய தொலைக்காட்சி ஏரியலின் வடிவமே இது. ஒரு திசையை நோக்கி நிறுத்தினால் அத்திசையில் மட்டும் வலிமையாக ஏற்கும். தூரத்திலுள்ள ஒரே நிலையம்தான் வேண்டும் என்போர்க்கு இது மிகப் பொருத்தம். பல திசைகளிலிருந்தும் கேட்கவேண்டிய ஸ்கேனருக்கு இது பொருந்தாது.

இங்கே ஒரு முக்கிய உண்மையை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்தவேண்டும். விளம்பரங்களில் “ஆதாயம் 6 டெசிபல், 9 டெசிபல்” என்று எழுதியிருப்பர். நம் சங்கத்தில் ஒரு தலைப்பிலுள்ள தொகையை மற்றொரு தலைப்புக்கு மாற்றி எழுதினால் மொத்த நிதி கூடிவிடுமா? ஏரியலின் ஆதாயமும் அவ்வாறானதே. அது புதிதாக ஆற்றலைப் படைப்பதில்லை. பிற திசைகளில் குறைத்து ஒரு திசையில் கூட்டுகிறது. யாகியில் பக்கங்களும் பின்புறமும் இழக்கின்றன. எத்திசையில் இழக்க நாம் உடன்படுகிறோம் என்று தெரியாமல் ஆதாயத்தை விலைக்கு வாங்கலாகாது.

மூன்றாம் விதி: கேபிள்

ஏரியலுக்குப் பணம் தாராளமாகச் செலவிட்டுக் கேபிளில் சிக்கனம் பிடிப்பது, நல்ல நூல் வாங்கிப் பாதியை வழியில் உதிர்த்துவிட்டுத் தறிக்குக் கொண்டுவருவதை ஒக்கும்.

கேபிளின் இழப்பும் டெசிபலில் கூறப்படும். 3 டெசிபல் இழந்தால் பாதி மிஞ்சும். 6 டெசிபல் இழந்தால் காற்பங்கு. 10 டெசிபல் இழந்தால் பத்தில் ஒரு பங்கு. ஆர்.ஜி. 58 என்னும் மெல்லிய கேபிளில் 145 மெகாஹெர்ட்ஸ் அலை 30 மீட்டர் வருமுன் ஏறத்தாழ 6 டெசிபல் இழக்கும். அதாவது மாடியில் பிடித்ததில் முக்காற்பங்கு வழியிலேயே போய்விடும். 450 மெகாஹெர்ட்ஸில் இன்னும் மோசம். பத்தில் ஒரு பங்குதான் வந்து சேரும்.

டிஷ் தொலைக்காட்சிக்குப் பயன்படும் ஆர்.ஜி. 6 கேபிள் எல்லா ஊர்களிலும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இதில் இழப்பு முன்னதில் ஏறத்தாழப் பாதியே. “இது 75 ஓம், வானொலியோ 50 ஓம், பொருந்தாதே?” என்று சில கடைக்காரர்கள் அச்சுறுத்துவர். ஒலிபரப்புவோர்க்கு அது கவலைக்குரியது. கேட்பவர்க்கு அவ்வேறுபாட்டால் வரும் இழப்பு மிகச் சொற்பம். தயங்காது வாங்கலாம்.

கேபிளை வேண்டிய அளவுக்கு மட்டும் வெட்டுக. இடையில் ஒட்டுப்போடாதீர். மேல்முனை இணைப்பை நீர் புகாதவாறு, தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுக. சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் நாடா ஓராண்டு வெயிலில் உரிந்துவிடும். கேபிள் சுவரினுள் நுழையுமிடத்தில் அதைச் சற்றுத் தொங்கவிட்டுப் பின் மேலேற்றினால், மழைநீர் உள்ளே வழியாது தொங்கலிலேயே சொட்டிவிடும். ஏரியலுக்குக் கீழே கேபிளை ஐந்தாறு சுற்று வளையமாகச் சுற்றிக் கட்டினால், வீட்டு இரைச்சல் கேபிளின் மேலுறை வழியே ஏறுவது குறையும்.

பெருக்கி வேண்டுமா?

பெருக்கி என்பது கடன் வாங்கிய முதலைப் போன்றது. நல்ல தொழிலில் இட்டால் இலாபம் பெருகும். நட்டத் தொழிலில் இட்டால் நட்டமே பெருகும். பெருக்கி குரலை மட்டும் பெருக்குவதில்லை. உடன் வரும் இரைச்சலையும் அதே அளவு பெருக்குகிறது. தன் இரைச்சலையும் சிறிது சேர்க்கிறது. கேபிள் மிக நீளமாக இருந்து, ஏரியலின் அடியிலேயே பெருக்கியைப் பொருத்தினால் பயனுண்டு. பெட்டியின் அருகே பொருத்துவதால் பெரும்பாலும் பயனில்லை. அருகில் கைபேசிக் கோபுரமோ வலிய ஒலிபரப்பு நிலையமோ இருந்தால், வடிகட்டி இல்லாத பெருக்கி அவ்வலைகளால் திணறி, மெலிந்த நிலையத்தை அடியோடு மறைத்துவிடும்.

பெருக்கி வாங்குமுன் இரைச்சலைத் தேடிக் களைக. மலிவான எல்.இ.டி. விளக்கு, கைபேசி மின்னேற்றி, இன்வெர்ட்டர், சூரிய மின்கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டி, விசைத்தறி மோட்டார் ஆகியவை இரைச்சலின் பிறப்பிடங்கள். வானொலியை மின்கலத்தில் இயக்கி, வீட்டின் மெயின் சுவிட்சை நிறுத்திப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். பின் ஒவ்வொரு கருவியாக இயக்கி அவனைக் கண்டுபிடிக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

நாமே செய்துகொள்வது

தரைக்கம்பி ஏரியலைக் கைவேலை அறிந்த எவரும் ஒரு பிற்பகலில் செய்யலாம். வேண்டியவை: எஸ்.ஓ. 239 என்னும் சதுர அடித்தட்டுள்ள சாக்கெட் ஒன்று; இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள செம்பு அல்லது பித்தளைக் கம்பி; நான்கு சிறு திருகும் மரையும்; ஒரு பி.வி.சி. குழாய்.

சாக்கெட்டின் நடுமுனையில் செங்குத்துக் கம்பியைப் பற்றவைக்கவும். தட்டின் நான்கு மூலைத் துளைகளிலும் நான்கு கம்பிகளைத் திருகால் இறுக்கி, 45 பாகை கீழ்நோக்கிச் சாய்க்கவும். சாய்ந்த கம்பிகள் செங்குத்துக் கம்பியைவிட நூற்றுக்கு ஐந்து பங்கு நீளமாக இருக்கட்டும். 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு 79, 83 சென்டிமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸுக்கு 71, 75. 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49, 52. கம்பி நுனிகளைச் சிறு வளையமாக மடித்துவிட்டால் கண்ணில் குத்தாது. வளையத்தையும் நீளத்தில் சேர்த்தே அளக்கவும். 145 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டியது, அதன் மும்மடங்கான 435 மெகாஹெர்ட்ஸ் பக்கத்திலும் ஓரளவு நன்றாகவே இசையும்.

எவ்வலைக்கு வெட்டுவது? சங்கத்துக்கு எது இன்றியமையாததோ அதற்கு. நெசவாளர்க்கு மழைச் செய்தி தரும் நிலையமே உயிர்நாடியென்றால், அதன் அளவுக்கே வெட்டுக; மற்றவை கேட்டவரை கேட்கட்டும்.

வைத்த பின் சோதனை வேண்டும். ஒரு குறிப்பேட்டில் ஐந்து நிலையங்களை எழுதி, மூன்று நாள் ஒரே வேளையில் கேட்டு, பூச்சியம் முதல் ஐந்து வரை மதிப்பெண் இடுக. பிறகு ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் கேட்க. ஏரியல், கேபிள், பெருக்கி மூன்றையும் ஒரே நாளில் மாற்றுவோர் எதனால் நன்மை வந்தது, எதனால் தீமை வந்தது என்று ஒருகாலும் அறியார்.

உயிருக்கு முதலிடம்

மின்கம்பியின் அருகே ஏரியல் கழியை நிறுத்தவே கூடாது. கழி எப்பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். கழியின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்காவது விலகியிருக்கட்டும். காற்றிலும் ஈரத்திலும் கழி ஏற்ற முற்படாதீர். தனியொருவராக ஏற்றாதீர். மூன்று திசையில் இழுகயிறு கட்டுக.

இரும்புக் கழியைத் தடித்த செம்புக் கம்பியால் நிலத்தோடு இணைக்கவேண்டும். அந்த நிலத்தொடர்பு வீட்டு மின்சார நிலத்தொடர்போடும் இணைந்திருக்க வேண்டும். இதைத் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டே செய்விக்க. ஆயினும் நேரே விழும் இடியை எந்த ஏற்பாடும் முழுதும் தடுக்காது. கருமேகம் திரளும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிடுக. இடி முழங்கத் தொடங்கிய பின் அதைத் தொடலாகாது. அவ்வேளையில் பெட்டியின் சொந்தக் குச்சி ஏரியலோடு நிறைவடைக.

பெரும்புயலில் மாடிக் கழி வீழ்ந்துவிடக்கூடும். ஆதலால் ஒவ்வொரு சங்கமும் மென்கம்பியால் செய்த ஓர் இருகை ஏரியலைச் சுருட்டி, மின்கலங்களோடு ஒரு பெட்டியில் வைத்திருக்கட்டும். புயல் ஓய்ந்தபின் எஞ்சி நிற்கும் எந்த மரத்திலும் சுவரிலும் அதைத் தொங்கவிடலாம். அது மடிக்குள் அடங்கும். ஆனால் அந்த நாளில் மாடிக் கோபுரத்தைவிட மதிப்புடையது.

சட்டத்தையும் ஒரு சொல்லால் நினைவூட்டுகிறேன். பிறர் தமக்குள் நடத்தும் செய்திப் பரிமாற்றத்தை இடைமறித்துக் கேட்பது குற்றம். பொதுமக்களுக்காக ஒலிபரப்பப்படுவனவற்றையும் அமெச்சூர் அன்பர்களின் உரையாடல்களையும் மட்டுமே நாடுக. ஸ்கேனர் வாங்குமுன் அதை வைத்திருப்பதற்குரிய விதிகளை விசாரித்தறிக. ஒலிபரப்ப விரும்புவோர் தேர்வெழுதி உரிமம் பெறவேண்டும்.

அச்சங்கத்தில் கண்டது

முதலில் கூறிய சங்கத்துக்கு நண்பருடன் மீண்டும் சென்றேன். நாங்கள் கண்ட குறைகள் மூன்று. டிஸ்கோன் ஏரியல் உயரத்தில் அல்லாமல், மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்றது. 35 மீட்டர் ஆர்.ஜி. 58 கேபிள் இரு துண்டுகளாக முறுக்கி ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டில் நீர் புகுந்து செம்பு பச்சை பூத்திருந்தது. பெருக்கியோ அடுத்த தெருவின் கைபேசிக் கோபுரத்தால் திணறிக்கொண்டிருந்தது. விற்ற கடைக்காரர் பொருளைத் திரும்பப் பெற இசையவில்லை.

பெருக்கியை நீக்கினோம். 90.4 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து ஒரு தரைக்கம்பி ஏரியல் செய்து, தொட்டிக்கு மேல் கழியில் ஏற்றினோம். பெட்டியை மாடிப்படியின் கீழ் அறைக்கு மாற்றியதால் 12 மீட்டர் ஆர்.ஜி. 6 போதுமானதாயிற்று. முன்பு இரண்டில் ஒரு பங்குக்கும் மேல் கேபிளிலேயே வீணாயிற்று. இப்போது ஐந்தில் நான்கு பங்கு வந்து சேர்கிறது. மறுநாள் காலை 5 மணிக்கு முதியவர் முதல் ஆளாக வந்து அமர்ந்தார். நிலையம் தெளிவாகக் கேட்டது. “பிற்பகலில் மழை” என்றது செய்தி. அவர் ஒன்றும் பேசாது எழுந்து பாவடிக்குச் சென்று, விடியுமுன்பே பாவை நீட்டச் சொன்னார். நண்பகலுக்குள் அது உலர்ந்து சுருட்டப்பட்டது.

முன்செலவை மறைக்கலாமா என்று காரியதரிசி தயங்கினார். மறைக்கவேண்டாம் என்றேன். அடுத்த மகாசபையில், தவறான ஆலோசனையால் இச்செலவு வீணாயிற்று என்றும், அவ்வாலோசனை கூறியவர் இன்ஸ்பெக்டர் என்றும் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டது. அதன்கீழ் நானும் கையொப்பமிட்டேன். கூட்டுறவில் பணம் இழப்பது வருத்தத்துக்குரியது. இழந்ததிலிருந்து ஒன்றும் கல்லாதிருப்பது அதனினும் வருத்தத்துக்குரியது.

சுருங்கக் கூறின்: முதலில் உயரம், அடுத்து சரியான அளவு, அதற்கடுத்து நல்ல கேபிள், கடைசியிலும் கடைசியாகப் பெருக்கி. இவ்வரிசையை மாற்றாதிருந்தால் பணம் வீணாகாது.

கல்விக் குழுவில் விவாதிக்க வினாக்கள்

1. நும் ஊருக்கு மழைச் செய்தி தரும் நிலையம் எது? அதன் அலைவரிசைக்குக் கால் அலைக்கம்பியின் நீளம் என்ன?

2. ஏரியலை 4 மீட்டரிலிருந்து 9 மீட்டருக்கு உயர்த்தினால் எல்லை எத்தனை கிலோமீட்டர் கூடும்?

3. “ஆதாயம் மிகுந்த ஏரியல் எல்லா வீட்டுக்கும் சிறந்தது.” இக்கூற்றுச் சரியா? காரணம் கூறுக.

4. நும் வாசகசாலையில் வானொலி இரைச்சலுக்குக் காரணமாகும் கருவிகள் எவை? சோதித்துப் பட்டியல் எழுதுக.

5. புயற்காலப் பெட்டியில் நும் சங்கம் வைக்கவேண்டிய பொருள்கள் யாவை? அவற்றைப் பேணும் பொறுப்பை எவரிடம் ஒப்படைப்பீர்?